யாரும் குடிக்காத தண்ணீர்

மருந்து கொடுத்த சுண்டெலிகளுக்கு இரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டது. தாகம் மட்டும் இறங்கவில்லை. இது எப்படி என்று செல்வமேரிக்குப் புரியவில்லை.

சர்க்கரை நோய் வந்த உயிர், மனிதனானாலும் எலியானாலும், ஓயாமல் தண்ணீர் குடிக்கும். குடித்ததைச் சிறுநீராகக் கொட்டும். சர்க்கரை குறைந்தால் தாகமும் குறைந்தாக வேண்டும். அதைப் பார்க்கத்தான் கூண்டுக்கு ஒரு சுண்டெலி என்று வைத்து, தினமும் காலையில் தண்ணீர் பாட்டிலை எடை போடுவார்கள். மருந்து கொடுத்த வரிசையிலும் கொடுக்காத வரிசையிலும் பாட்டில்கள் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தன. கூண்டுத் தரையில் பரப்பிய மக்காச்சோளத் தக்கைத் தூளும் இரண்டு வரிசையிலும் நனைந்திருந்தது.

பொத்தேரி தாண்டியுள்ள அந்த மருத்துவ ஆய்வுக்கூடத்தில் செல்வமேரி மூத்த விலங்குப் பராமரிப்பாளர். மருந்து, சுப்ரஜா என்ற ஆராய்ச்சி மாணவியுடையது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் ஆய்வை மூடிவிடுவதாக அவளுடைய வழிகாட்டி சொல்லியிருந்தார். மூன்று வருட உழைப்பு.

“சுகர் மீட்டர் தப்பா காட்டுதோ, மேரிக்கா?” என்றாள் சுப்ரஜா. குரோம்பேட்டையிலிருந்து ரயிலில் வரும்போதே அழுதிருப்பாள் போல, கண் சிவந்திருந்தது.

“மீட்டர விடுங்க சுப்ரஜா, கூட்டைப் பாருங்க. நோவு வந்த எலி கூடு கட்டாது, பேப்பர் போட்டது போட்டபடி கெடக்கும். இது கிழிச்சு, கிண்ணம் மாதிரி கட்டி, மேல கூரையும் போட்டிருக்கு. இதுக்கு உடம்பு தேறிடுச்சு.”

“தேறினா எதுக்கு இவ்ளோ குடிக்குது?”

செல்வமேரி ஒரு கூண்டை இறக்கி, நனைந்த தூளைக் கையுறை விரலால் கிளறினார். சுண்டெலி ஒழுங்கான பிராணி. தூங்கும் இடத்தை விட்டு விலகி, ஒரு மூலையைக் கழிப்பிடமாக வைத்துக்கொள்ளும். மருந்து கொடுக்காத வரிசையில் அந்த மூலைதான் சொதசொதவென்று இருந்தது. மருந்து கொடுத்த வரிசையில் மூலை லேசான ஈரம்தான். பெரிய ஈரம் முன்பக்கம், பாட்டிலுக்கு நேர் கீழே. ஒரு பிடி அள்ளி, முகக்கவசத்தைச் சற்றே விலக்கி முகர்ந்தார்.

“மூத்திரம் இல்ல. வெறும் தண்ணி.”

கூண்டு கழுவும் சேட்டுவுக்குச் சுருக்கென்றது. “இன்னாக்கா, பாட்டிலு ஒழுவுதுன்றியா? ஒண்ணொண்ணா கவுத்துப் பாத்துட்டுதான் மாட்றேன். ஒரு சொட்டு வராது.”

“உன்ன யாரு சொன்னா? ரெண்டு காலிக் கூண்டு கொண்டா.”

எலியே இல்லாத அந்தக் கூண்டுகளில் ஒன்றுக்கு நிறைந்த பாட்டிலும் மற்றதற்குப் பாதி பாட்டிலும் மாட்டச் சொன்னார். சேட்டு சிரித்தான். “ஆளில்லாத வூட்டுக்கு தண்ணி லாரியா?”

மறுநாள் வியாழக்கிழமை. நிறைந்த பாட்டில் அப்படியே இருந்தது. பாதி பாட்டிலுக்குக் கீழே தூள் நன்றாக நனைந்திருந்தது.

“பேய் வந்து குட்ச்சிகினு பூட்ச்சா?” என்றான் சேட்டு.

பேயல்ல, காற்று. கவிழ்த்த பாட்டிலின் எஃகுக் குழாயிலிருந்து தண்ணீர் தானாகக் கொட்டாது. வெளிக்காற்று அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். எலி நக்கினால் ஒரு சொட்டு இறங்கும், ஒரு குமிழி மேலே ஏறும். ஆனால் தண்ணீருக்கு மேலே அடைபட்ட காற்று சூடேறினால் விரியும். விரிந்தால் தண்ணீரைக் கீழே தள்ளும்.

சூடேறும்படி அந்தக் காற்று முதலில் குளிர்ந்தது எப்படி? கிருமி போகக் கொதிக்கவைத்த தண்ணீர் இந்தக் கோடையில் ஆற வெகு நேரம் பிடித்ததால், சேட்டு கேன்களைக் குளிர் அறைக்குள் தள்ளி வைத்தான். நல்ல யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்தச் சில்லென்ற தண்ணீர் பாட்டிலுக்குள் இருக்கும் காற்றையும் குளிர்வித்தது. எலி அறையில் மாட்டியதும் இரண்டும் மெல்லச் சூடேறின. நிறைந்த பாட்டிலில் காற்று கொஞ்சம்தான், அதனால் ஒழுக்கில்லை. பாதி பாட்டிலில் நிறைய.

தேறிய எலிகளுக்கு அதிகம் வேண்டாம், மிச்சத்தைக் கொட்டுவானேன் என்று அந்த வரிசைக்கு மட்டும் பாதி ஊற்றுவதென்று எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்திருந்தார்கள். சுண்டெலி குடிப்பதே சில மில்லிதான். ஒழுகியதும் அதோடு சேர்ந்து, நோயுள்ள எலி குடிக்கும் அளவாகக் கணக்கில் ஏறிவிட்டது.

“அட, ஜில்லு தண்ணியா பேஜார் பண்ச்சு? எலிக்கு மட்டும் ஐஸ் வாட்டரான்னு வயிறு எரிஞ்சேனே!”

“உன் வயித்தெரிச்சல்தான் ஒழுகுச்சு, போ,” என்றார் செல்வமேரி. சுப்ரஜா அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

அன்றே, குளிர் அறைக்குப் போகாமல் தானாக ஆறிய தண்ணீரால் எல்லா பாட்டில்களையும் நிரப்பினார்கள். வெள்ளிக்கிழமை காலை சுப்ரஜா எடை போட்டாள். நம்பாமல் மறுபடியும் போட்டாள். மருந்து கொடுத்த வரிசை குடித்தது, கொடுக்காத வரிசை குடித்ததில் பாதிகூட இல்லை. வழிகாட்டி வந்து பார்த்து, ஆய்வு தொடரட்டும் என்றார்.

செல்வமேரி அதற்குள் சேட்டுவோடு கேன்களை எலி அறைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார். இனித் தண்ணீர் ஒரு நாள் முழுக்க அந்த அறையிலேயே இருந்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகே பாட்டிலில் ஊற்ற வேண்டும். எந்த எலிக்கானாலும் பாட்டிலைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும்.