கொம்பும் செல்லுலாய்டும்

என் அண்ணனின் சட்டையைத் துவைக்கப் போடுவதற்கு முன்னால் பையைத் துழாவிப் பார்க்க வேண்டும் என்பது அவன் வீட்டுச் சட்டம். அண்ணி கொண்டுவந்த சட்டம். மறந்துவிட்டால் வாஷிங் மெஷினுக்குள் பிக் போய்ச் சிக்கிக்கொண்டு கடகடவென்று கத்தும். கிட்டார் கம்பியை மீட்ட விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொள்ளும் முக்கோணச் சில்லுக்குத்தான் பிக் என்று பெயர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். "இத்துனூண்டு சாமானுக்கு இவ்வளவு அலட்டலா?" என்று கல்யாணமான புதிதில் அண்ணி கேட்டாள். அன்று முழுக்க அண்ணன் அவளை உட்காரவைத்து வகுப்பெடுத்தான். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

அந்த வகுப்பு எனக்கு மனப்பாடம். நைலான் வளையும், சத்தம் இதமாக வரும், பாடுகிறவளின் குரலை மிதிக்காது. செல்லுலாய்ட், அதுதான் பழைய காலத்தில் சீப்பும் பொம்மையும் செய்த பொருள், கொஞ்சம் பளிச்சென்று பேசும். எருமைக் கொம்பில் செய்தது கிட்டத்தட்ட அதே மாதிரி, ஆனால் அடியில் ஒரு சூடு இருக்கும். மரம் மொத்தென்று விழும். ஸ்டீல் காதில் ஊசி போடும், கம்பியையும் அரித்துத் தள்ளும். ஸ்டீல் பிக்கை அவன் வாசிக்க வைத்திருக்கவில்லை. அது வகுப்புக்கு, இப்படி இருக்கக் கூடாது என்று காட்டுவதற்கு. எல்லாம் ஒரு பழைய பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் கிடக்கும்.

நாங்கள் இருவரும் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் சாயங்காலங்களில் பாடி வாசிக்கிறோம். நான் பாட்டு, அவன் கிட்டார். மற்ற வாத்தியக்காரர்கள் அவனைப் பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். கூடத்தின் கடைசி மேஜையில் ஒருவர் கிளாஸை வைக்கும் சத்தத்தைக் கேட்டே அது காலியா பாதியா என்று சொல்லிவிடுவான். பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். அவனைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை அவன் முகத்துக்கு நேரே நான் சொன்னதே கிடையாது. எனக்கு வாய் நீளம். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவேன். அதனால்தான் அவன் எனக்கு மிளகாய் என்று பெயர் வைத்தான். அண்ணிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

எங்களுக்குள் சின்ன வயதிலிருந்தே ஒரு விளையாட்டு உண்டு. அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். நான் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பிக்காக எடுத்து ஒரே கம்பியை மீட்ட வேண்டும். அது எந்தப் பொருள் என்று அவன் சொல்ல வேண்டும். நைலான், மரம், ஸ்டீல் எல்லாம் டக் டக்கென்று சொல்வான். கொம்பும் செல்லுலாய்டும் வந்தால் மட்டும் மாட்டிக்கொள்வான். அதைச் செல்லுலாய்ட் என்பான், இதைக் கொம்பு என்பான். எத்தனை வருடம் விளையாடினாலும் அந்த ஒரு ஜோடி அவன் கைக்குள் வரவேயில்லை. அதற்காகவே காத்திருப்பேன். "தப்பு! செவிடு! செவிட்டுப் பூதம்!" என்று கையைத் தட்டிக்கொண்டு வீடு அதிரக் கத்துவேன். அவன் தலையணையை எடுத்து என்மேல் எறிவான். நாற்பதைத் தாண்டியும் எறிந்தான்.

இந்த வருடம் மழை தொடங்கியதிலிருந்து அவன் ஒரே புலம்பல்.

"கம்பி செத்துப் போச்சு மிளகா. சத்தத்துல உயிரே இல்ல."

"போன வாரம்தானே மாத்தின?"

"ஈரக்காத்து. அதான்."

மறுபடி மாற்றினான். அதுவும் செத்துப் போச்சு என்றான். பிறகு கிட்டாரின் மேல்பலகை ஈரம் குடித்துவிட்டது என்றான். பிறகு பழி பிக்கின் தலையில் விழுந்தது. இத்தனை வருடம் எனக்காக நைலானிலேயே வாசித்தவன் அதை ஒதுக்கி வைத்துவிட்டுச் செல்லுலாய்டுக்குப் போனான். அதுவும் மந்தம். கெட்டிப் பிளாஸ்டிக்குக்குப் போனான். விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கினான். கடைசியில் ஒரு நாள் மேடையில் அவன் கையில் ஸ்டீல் பளபளப்பதைப் பார்த்தேன். அன்று பாடும்போது என் குரலுக்கும் அவன் கம்பிக்கும் குடுமிப்பிடிச் சண்டை. முன் மேஜையில் இருந்த ஒரு அம்மாள் தோசைக்கல்லைச் சுரண்டுகிற சத்தம் கேட்டவள்போல் தோளைச் சுருக்கிக்கொண்டாள்.

"காதைக் கிழிக்குது, தெரியுதா?" என்றேன் இடைவேளையில்.

"கிழிக்குதா? எனக்கு இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு இருந்தா தேவலைன்னு தோணுது" என்றான். ஒலிபெருக்கியில் ஒரு திருகைத் திருகி இன்னும் ஏற்றினான். நான் வழக்கம்போல நாலு வார்த்தை திட்டினேன். வீம்புக்குச் செய்கிறான் என்றுதான் நினைத்தேன்.

ஹோட்டல் மேனேஜர் நல்ல மனிதர். கையைப் பிசைந்துகொண்டுதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க பாட்டைப் பத்தி ஒரு குறையும் இல்லம்மா. கிட்டார்தான்... ஆளுங்க மேஜையை மாத்திக் கேக்கறாங்க. பியானோ வாசிக்கறவர் ஒருத்தர் வாய்ப்பு கேட்டுக்கிட்டே இருக்காரு. சனிக்கிழமை முதலாளி வந்து உக்காரப் போறாரு. அதுக்குள்ள சரியாகலேன்னா என் கையில எதுவும் இல்ல. அண்ணன்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லுங்க."

பக்குவமாகச் சொல்ல என்னைப் போய்ப் பிடித்தாரே என்று சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. இன்றைக்கு இவனை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்று கருவிக்கொண்டே மறுநாள் மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவன் ஒரு பிக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு கை தூரத்தில் ஃபிரிட்ஜ். கதவு சரியாகச் சாத்தவில்லை. திறந்து கிடந்தால் கத்துமே, அந்தக் கீச்சுச் சத்தம், அது கத்திக்கொண்டே இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குக் கேட்டது. அவன் தேய்த்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், ஊதினான், மறுபடி தேய்த்தான். தலை திரும்பவில்லை.

"அண்ணா."

"வா மிளகா. உக்காரு" என்றான் உடனே. என் குரல் அவனுக்கு நன்றாகக் கேட்டது.

"ஃபிரிட்ஜ்..."

அவன் திரும்பிப் பார்த்தான். "அட, திறந்து கெடக்கு. யாரு விட்டாங்க?" என்று எழுந்து சாத்தினான். கீச்சுச் சத்தம் நின்றது. நின்றதும் அவனுக்குத் தெரியவில்லை. வந்து உட்கார்ந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.

கம்பி சாகவில்லை, பலகை ஈரம் குடிக்கவில்லை, நைலான் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. சத்தத்தின் மேல்பாதி, அந்தக் கீச்சென்ற பாதி, இவன் காதுக்குள் நுழையாமல் வெளியிலேயே நிற்கிறது. அதைத் தேடித்தான் இந்த மனுஷன் மாதக்கணக்காக ஒவ்வொரு பொருளாக மாற்றிக்கொண்டிருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் காதைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். பாம்புக்காதுக்கு அது தோன்றவேயில்லை.

அண்ணி கொல்லைப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதுமே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"உனக்கும் தெரிஞ்சிடுச்சா?" என்றாள். "பக்கத்து வீட்டுக் கொழந்தை பேசறது எதுவும் அவருக்கு விளங்கறதில்ல. டாக்டர்கிட்ட போலாம்னு மூணு தடவை கூப்பிட்டேன். அழுக்குதான் அடைச்சிருக்கும், எண்ணெய் விட்டுக்கறேன்னாரு. காதுன்னு எடுத்தாலே பேச்சை மாத்தறாரு. எனக்குப் பயமா இருக்கு மிளகா. நான் சொன்னா ஒடைஞ்சிடுவாரோன்னு இருக்கு. நீ சொல்லு. உனக்குத்தான் வாய் இருக்கு."

ஆமாம், எனக்குத்தான் வாய் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். முதலாளி முன்னால் அவமானப்பட்டு இறங்குவதைவிட என் வாயால் கேட்டுக்கொள்வது மேல். அப்படியே போய்ச் சொல்லவும் நாக்கு வரவில்லை. அப்போதுதான் அந்த விளையாட்டு ஞாபகம் வந்தது. நான் எதையும் சொல்ல வேண்டாம். எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லுவான். அவனுக்கே விளங்கும். நான் பக்கத்தில் இருந்தால் போதும்.

"சனிக்கிழமை முதலாளி வர்றாரு. எந்த பிக்குன்னு முடிவு பண்ணணும்ல? கண்ணை மூடிக்கோ. விளையாடலாம்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். நான் டப்பாவைத் திறந்து கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணி கதவோரம் வந்து நின்றாள்.

முதலில் ஸ்டீல். ஓங்கி மீட்டினேன். எனக்கே பல் கூசியது.

அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். பின்கழுத்தில் முடி நரைத்திருந்தது. நான் அதுவரை கவனித்ததில்லை.

"நைலான்" என்றான்.

தப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சரி" என்றேன்.

எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று எனக்குத் தெரியாது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு தடவை சரி என்று சொல்லிவிட்ட பிறகு எப்படித் திரும்புவது? நைலானை எடுத்து மீட்டினேன். "மரம்" என்றான். சரி என்றேன். செல்லுலாய்டை எடுத்தேன். "கொம்பு" என்றான். சரி என்றேன். கொம்பை எடுத்தேன். அவன் நிதானமாகக் கேட்டான்.

"இன்னொரு தடவை."

மீட்டினேன்.

"செல்லுலாய்ட்."

"சரி. எல்லாமே சரி" என்றேன். குரலில் சந்தோஷம் இருக்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவன் திரும்பவில்லை. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கேட்பானோ என்று அண்ணி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மிளகா" என்றான். "கொம்பையும் செல்லுலாய்டையும் நான் என்னைக்காவது சரியா சொல்லியிருக்கேனா?"

நான் கையிலிருந்த பிக்கை டப்பாவுக்குள் போட்டேன்.

"நான் இன்னைக்குக் குத்துமதிப்பாத்தான் ஒவ்வொண்ணா சொன்னேன். எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. முதல்ல அடிச்சதும், இப்ப அடிச்சதும், எல்லாம் போர்வைக்குள்ள அடிச்ச மாதிரி. நீ கத்துவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீ கத்தியிருந்தா, சரி, இன்னைக்கும் அதே பழைய தப்புதான்னு நெனைச்சிருப்பேன்."

"அண்ணா, நான்..."

"முதல்ல அடிச்சது என்ன?"

"ஸ்டீல்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்த்து உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது, ஆனால் உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

"நீ பொறந்ததிலேருந்து எனக்கு எதையும் சும்மா விட்டுக்குடுத்ததில்ல. இன்னைக்கு நாலு குடுத்துட்ட. அதுலயே தெரிஞ்சிடுச்சு" என்றான். "சொல்லு. எப்பவும் சொல்லுவியே, அதைச் சொல்லு. நீ சொன்னா எனக்குக் கஷ்டமா இருக்காது."

தட்ட எழாமல் என் கைகள் இரண்டும் மடியிலிருந்த கிட்டார்மேல் கிடந்தன. அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை இந்த வாய் கத்தியிருக்கும்! அன்றைக்கு அது வரவில்லை. நான் அழுதேன். அண்ணியும் அழுதாள். தேற்றியது அவன்தான், அதுவும் நாற்காலியில் கிடந்த சின்னத் தலையணையை எடுத்து என்மேல் எறிந்து.

பிறகு டப்பாவை என் பக்கம் தள்ளினான்.

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். அது அவ பொறுப்பு. சனிக்கிழமைக்கு எதுன்னு நீ எடுத்துக் குடு. உன் குரலுக்கு எது வேணுமோ அது. இனிமே என்னைக் கேக்காத."

நான் துழாவிப் பழைய நைலானை எடுத்தேன். அவன் கட்டைவிரல் பட்டுப் பட்டு நடுவில் வழவழவென்று ஆகியிருந்தது. வாங்கிக்கொண்டு கிட்டாரை மடியில் ஏற்றி, நாங்கள் எப்போதும் முதலில் பாடும் பாட்டின் தொடக்கத்தை வாசித்தான். மாதக்கணக்காக நான் கேட்காத அந்த இதமான சத்தம் சமையலறை முழுக்க நிறைந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

அவன் கம்பியைப் பார்க்கவில்லை, விரலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தான்.

"நல்லா இருக்கா?" என்றான்.