காலண்டரை மாட்டிய உயரம்

ஆள் வருகிறது என்று தெரிந்த பிறகும் வீட்டைப் போட்டது போட்டபடி வைத்திருக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? அதுவும் வருவது குடியேற்ற அலுவலக அதிகாரி. நான் இந்த நாட்டில் இருப்பது என் கணவரின் வேலையை வைத்து. அவரோடு ஒரே வீட்டில் வாழும்வரைதான் எனக்கு விசா. புதுப்பிக்க விண்ணப்பித்ததும், இந்த வாரத்தில் ஒருநாள் வீட்டைப் பார்க்க வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். தனித்தனியாக இருக்கிறோம் என்று அவர்களுக்குப் பட்டால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"எதையும் தொடாத. இருக்கிறது இருக்கிற மாதிரியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் இவர் காலையில் வேலைக்குக் கிளம்பினார். இவர் லிஃப்ட் மெக்கானிக். சொன்னால் கேட்கிற ஆளா நான்?

இருப்பது ஒற்றை அறை. ஒளித்து வைக்க இடமில்லை. இவருடைய கிரீஸ் அப்பிய பேன்ட், சாயம் போன லுங்கி, அலமாரியில் சுருட்டித் திணித்திருந்த சட்டைகள், கதவோரம் கிடக்கும் ஷூ, ஷேவிங் சாமான், நார்நாராகப் பிரிந்த பல் பிரஷ், எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையணை, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் திணித்து மேல்மாடி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மிச்சம் இருந்தது சுவர்தான். டிவிக்கு எதிரே இவர் தரையில் உட்கார்ந்து, எண்ணெய்த் தலையைத் தினமும் சாய்த்துச் சாய்த்து, சுவரில் அகலமாக ஒரு கறுப்புப் பிசுக்கு. வீட்டு ஓனர் பார்த்தால் அட்வான்ஸில் கைவைப்பார் என்று அதற்காக நான் இவரோடு போடாத சண்டையில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. பெரிய காலண்டர் ஒன்றை அதன்மேல் மாட்டினேன். அது என் இடுப்பு உயரத்தில் தொங்கியது. இருந்தாலும் வீடு பளிச்சென்று இருந்தது, எனக்கே பெருமையாக இருந்தது.

அதிகாரி மதியத்துக்கு மேல் வந்தார். மெதுவாகப் பேசும் மனிதர், கையில் ஒரு ஃபைல். இந்த ஊர் மொழியில் தட்டுத்தடுமாறி வரவேற்று நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. அலமாரியைத் திறக்கலாமா என்று கேட்டுத் திறந்தார். மடிப்புக் கலையாமல் என் துணிகள் மட்டும் இருந்தன. குளியலறையில் ஒரே ஒரு பிரஷ். கட்டிலில் ஒரே ஒரு தலையணை. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

உங்கள் கணவரின் துணிகள் எங்கே என்று கேட்டார். மேல்மாடியில் ஓர் அக்கா வீட்டில் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. உடன்பிறந்த அக்காவா? இல்லை, சும்மா அக்கா என்று கூப்பிடுவது. அப்படியானால் அவர் இன்னொரு பெண்ணின் வீட்டில் இருக்கிறாரா? இல்லை இல்லை, துணி மட்டும்தான் அங்கே, வீட்டைச் சுத்தம் செய்தேன், அதனால் கொடுத்தேன். விளக்க விளக்க என் குடும்பத்தை என் வாயாலேயே பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். மாடிக்கு ஓடினேன். அக்கா வேலைக்குப் போயிருந்தாள், கதவில் பூட்டு. இவருக்குப் போன் போட்டேன், போகவில்லை. லிஃப்ட் குழிக்குள் இருந்தால் இவருக்கு சிக்னல் கிடைக்காது. உடனே வாங்க என்று செய்தி அனுப்பிவிட்டுக் கீழே வந்தேன். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் என்னை விமான நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பதாகப் பட்டது. இந்த மனுஷனை விட்டுவிட்டு எங்கே போவேன்?

அவர் ஃபைலை மூடும் நேரத்தில் இவர் வேலை உடையோடு, மூச்சிரைக்க வந்து நின்றார். எனக்குப் போன உயிர் திரும்பியது. அதிகாரிக்கு அது போதவில்லை. போன் செய்தால் யாரும் எங்கிருந்தும் வரலாமே என்றார். சொல்லிக்கொண்டே அவர் பார்வை காலண்டரில் விழுந்தது. இவ்வளவு கீழே யார் மாட்டுவார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். குனிந்து அதைத் தூக்கினார். இது என்ன என்று இவரைக் கேட்டார்.

இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கறை என்றாலே இவருக்கு அட்வான்ஸ்தான் ஞாபகம் வரும். அப்படிப் பழக்கி வைத்தவள் நான். அது எங்களுடையது இல்லை, நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது, நான் இந்தச் சுவரில் சாய்ந்ததே கிடையாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அதிகாரி ஃபைலைத் திரும்பவும் திறந்தார்.

"வாய மூடுங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இவரை நான் அப்படிச் சொன்னதில்லை. "நீங்க இந்த வீட்டுல இருக்கீங்கங்கிறதுக்கு அந்தக் கறைதான் சாட்சி. போய் உக்காருங்க."

இவர் உட்கார்ந்தார். வழக்கமான இடத்தில், வழக்கம்போல ஒரு காலை மடக்கி. சாய்ந்ததும் தலை அந்தக் கறுப்புக்குள் கச்சிதமாகப் போய்ப் பொருந்தியது. அதிகாரி குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு அதை ஒட்டி விரலால் தொட்டுக் காட்டினார். அங்கே இன்னொரு வட்டம் இருந்தது. கொஞ்சம் தாழ்வாக, கொஞ்சம் சின்னதாக. இது யாருடைய தலை என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மொத்தக் கறையும் இவருடையது என்றுதான் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது நீதான். டிவி பாத்துக்கிட்டே தூங்கிடுவ."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ பக்கத்துல வந்து உக்கார மாட்டியே."

நான் போய் உட்கார்ந்து சாய்ந்தேன். பொருந்தியது. அதிகாரி எங்கள் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதியதில் சில வரிகளை அடித்துவிட்டு, விசாவை நீட்டிக்கலாம் என்று எழுதுவதாகச் சொன்னார். முதலில் துணிகளைத் திரும்ப வாங்கி வாருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

காலண்டரை எங்கே மாட்டுவது என்று இவர் கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். எழுந்திருக்க எனக்கு மனசு வரவில்லை.