மூன்று தொட்டில், ஒரு மரண வாக்கு

எர்மெக் எழுந்ததும் அடுப்புச் சாம்பலை அள்ளி வெளியே கொட்டுவான். நிலக்கரி போட்டுப் பற்ற வைப்பான். தண்ணீர் கொதிப்பதற்குள் மூன்று புட்டிகளையும் கழுவிக் கவிழ்ப்பான். பால்மாவை அளந்து கலக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பான். முதலில் அழுதவருக்கு முதல் புட்டி. இரண்டாமவர் இன்னொரு தொடையில். மூன்றாமவரைப் பிடிக்க அவனுக்குக் கை மிச்சமில்லை. தலையணையில் புட்டியைச் சாய்த்து வைத்து, முழங்காலால் தாங்கிக்கொள்வான். பிறகு துணி மாற்றுவான். பிறகு தன் தேநீரைக் குடிப்பான். அது ஆறிப்போயிருக்கும்.

நாற்பதாம் நாள் காலையிலும் அதையேதான் செய்தான்.

நாரின் நதிக்கரையில் அந்தச் சிற்றூரில் நாற்பதாம் நாள் என்றால் இரண்டு. செத்தவருக்கு நாற்பதாம் நாள் ஊரைக் கூட்டி ஓதி, குதிரை அறுத்துச் சோறு போட வேண்டும். பிறந்த குழந்தைக்கு நாற்பதாம் நாள் நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நாற்பது வீட்டுத் துணித்துண்டில் தைத்த சட்டை போட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

துணி கேட்டுப் போனவள் அண்ணி சோனுன். மூன்று சட்டைக்கு நூற்றிருபது துண்டு. முதல் சட்டைக்கு நல்ல பட்டு கிடைத்தது. மூன்றாவதற்கு ஜன்னல் திரையும் தலையணை உறையும்தான் வந்தன. "ஒண்ணு பெத்தா பட்டு, மூணு பெத்தா திரைச்சீலை. நல்ல ஊருப்பா இது" என்று சொல்லிக்கொண்டே தைத்தாள். அவளுக்கும் அண்ணன் துருஸுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம். பிள்ளை இல்லை.

வாசலில் வந்து இறங்கிய விருந்தாளிகளுக்குத்தான் குழப்பம். ஆண்கள் வழக்கப்படி தூரத்திலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டு வர வேண்டும். ஆனால் கையில் கிலுகிலுப்பை இருந்தது.

"மொல்தோ, மொதல்ல அழணுமா, வாழ்த்தணுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரன் தொழுகை நடத்தும் பெரியவரைக் கேட்டான்.

மொல்தோ தாடியைத் தடவினார். "மத்தியானம் வரைக்கும் அழுங்க. சாப்பிட்டதும் வாழ்த்துங்க. கலந்துடாதீங்க."

எர்மெக் கதவோரம் நின்று வந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். அழுகை வரவில்லை. வராதது ஊருக்குத் தெரிந்துவிட்டது. "படிச்சவன்" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டார்கள்.

நாற்பது நாளுக்கு முன், பிரசவத்தன்று மருத்துவமனையிலும் வழக்கம் தவறவில்லை. மூன்று என்பதால் மனைவி பெகிமைக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அறுவை அறையின் கதவு மூடிச் சிறிது நேரத்தில் இளம் நர்ஸ் ஒருத்தி ஓடிவந்தாள். நல்ல சேதி கொண்டுவந்தவருக்குக் கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டும். "மாமா, பையன்" என்றாள். சட்டைப்பையில் இருந்ததைக் கொடுத்தான். மறுபடி ஓடிவந்தாள். "இன்னொரு பையன்." தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான். மூன்றாம் முறை, "பொண்ணு மாமா. ஸ்கேன்ல மூணும் பையன்னாங்க, ஏமாத்திட்டா பாருங்க." கைக்கடிகாரத்தைக் கொடுத்தான். வராந்தாவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னும் ஒன்று வந்தால் காற்சட்டைதான் மிச்சம் என்றார் ஒருவர்.

நான்காம் முறை அவள் ஓடிவரவில்லை. டாக்டர் நடந்து வந்தார். கருப்பை சுருங்கவில்லை, ரத்தம் நிற்கவில்லை, ஏற்றிய ரத்தமெல்லாம் வழிந்தே போயிற்று என்றார். முகத்தில் வியர்வை காயாமல் இருந்தது. அவருக்குப் பின்னால் நின்ற நர்ஸ் தொப்பியையும் கடிகாரத்தையும் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனாள். கெட்ட சேதிக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது என்று வழக்கத்தில் இல்லை. அவளாகச் செய்தது அது.

நாற்பதாம் நாள் மத்தியானம் ஓதி முடிந்து கறி வந்தது. எலும்பைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணன் துருஸ் தொண்டையைச் செருமினான்.

"எல்லாரும் இருக்கீங்க. ஒரு வார்த்தை. தம்பி தனியாள். மூணு புள்ளைய எப்படி வளப்பான்? நம்ம ஊர்ல அண்ணனுக்குப் புள்ள இல்லேன்னா தம்பி ஒண்ணக் குடுக்கறது புதுசில்ல. மூத்தவன் அசன எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

"பெகிமை வாயாலயே சொன்னா" என்றாள் சோனுன், கண்ணைத் துடைத்தபடி. "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில என் கையப் புடிச்சா. அண்ணி, ஒண்ணு உங்களுக்குத்தான்னா."

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வண்டியில் சோனுன் இல்லை. முன்னிருக்கையில் துணிமூட்டைதான் இருந்தது. எர்மெக் ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மாமியார் காலிபா தட்டைத் தள்ளி வைத்தாள். "என் பொண்ணு என்கிட்ட சொன்னத யாரும் கேக்கலையே. போன்ல சொன்னா. 'அம்மா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பொண்ணை நீ வளத்துக்கோ.' எனக்கு அவ போயிட்டா. அவளுக்குப் பதிலா அந்தப் பொண்ணைக் குடுங்க. அய்பெரிய நான் எடுத்துட்டுப் போறேன்."

பொண்ணு இருக்கிறது என்று பெகிமைக்கே தெரியாது. எர்மெக் அதையும் சொல்லவில்லை. பொய் சொல்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. வேண்டும் என்று நினைத்தது காதில் கேட்டுவிட்டது, அவ்வளவுதான்.

வட்டார அதிகாரி ஒருவரும் வந்திருந்தார், மூன்று குழந்தைகள் உட்காரும் தள்ளுவண்டியோடு. அது வீட்டுக் கதவில் நுழையாமல் முற்றத்தில் நின்றது. அவரும் எழுந்து, "அந்தத் தாய் நாட்டுக்கு மூன்று குடிமக்களைத் தருகிறேன் என்று கடைசியாகச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்" என்றார். இருமிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்போ உசோன் மட்டும் இவனுக்கு" என்று யாரோ கணக்கு முடித்தார்கள். "நல்லதுதான். ஒத்தப் புள்ளன்னா சமாளிச்சுடுவான்."

எர்மெக் உள்ளறையைப் பார்த்தான். மூன்று தொட்டில். நடுத் தொட்டிலில் அய்பெரி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டிருந்தாள். நாளைக் காலை ஒரு புட்டி கழுவினால் போதும். தேநீர் சூடாகக் கிடைக்கும். அதை நினைத்ததும் கையிலிருந்த கறியைத் தட்டில் வைத்தான்.

மொல்தோ கையை உயர்த்தினார். "மரண வாக்கை மீறினா அந்த வீட்டுல ஆடுகூட ஈனாது. ஆனா ஆளுக்கொரு வாக்கு சொல்றீங்க. செத்தவளுக்கு ஒரு வாய்தான். கடைசியா அவளைப் பாத்தது யாரு?"

எல்லோரும் எர்மெக்கைப் பார்த்தார்கள்.

"நான்" என்றான்.

"என்ன சொன்னா?"

காலையில் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்ததை அவன் கேட்டிருந்தான். அந்த வார்த்தைகள் வாயில் தயாராக இருந்தன.

"'ஒரே வயித்துல ஒட்டிக் கெடந்த மூணு உசுரு. ஒரே கூரைக்குக் கீழ வளத்துடு. ஒண்ணைப் பிரிச்சாலும் மண்ணுக்குள்ள என் எலும்பு தூங்காது'ன்னு சொன்னா."

யாரும் மெல்லவில்லை. முதலில் சோனுன் அழுதாள். பிறகு காலிபா. பக்கத்து வீட்டுக்காரன், மத்தியானம் கழிந்துவிட்டதை மறந்து, ஓவென்று அழுதான். படிச்சவன் எவ்வளவு நாள் இதை மனசில் பூட்டி வைத்திருந்தான் பார் என்று கிழவர்கள் தலையாட்டினார்கள். மொல்தோ உள்ளங்கைகளை முகத்தில் தடவி விஷயத்தை முடித்தார். "ஆச்சு. மூணும் ஒரே கூரை."

வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் பெரிய பொய் அது. கச்சிதமாக எடுபட்டது.

கொஞ்சம் அதிகமாகவே எடுபட்டது. குளியல் முடிந்து, நாற்பது கரண்டியை எண்ணுவதில் பெண்கள் இரண்டு முறை சண்டை போட்டு, திரைச்சீலைச் சட்டை அய்பெரிக்கு விழுந்த பிறகு, துருஸ் ஒரு பெரிய மெத்தையைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்தான்.

"இது என்னண்ணே?"

"ஒரே கூரைன்னுதானே சொன்னே. அப்போ நாங்க இந்தக் கூரைக்கு வரவேண்டியதுதானே. வாக்கு வாக்குதான்."

காலிபா ஏற்கெனவே உள்ளறையில் தன் பெட்டியைத் திறந்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பை வரிசையாக வைத்திருந்தாள். "அந்த மூலை எனக்கு. ராத்திரி எனக்குத் தூக்கம் வராது, நானே பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் சமையக்கட்டுப் பக்கம் படுங்க."

"சமையக்கட்டுப் பக்கமா? எனக்கு மூட்டுவலி அத்தை" என்றான் துருஸ்.

"அப்போ வீட்டுக்குப் போ."

துருஸ் மெத்தையைச் சமையலறைப் பக்கம் விரித்தான்.

மாலையில் சோனுன் சமையலறையைப் பிடித்துக்கொண்டாள். மாவு பிசைந்து, கறியைக் கொத்தி, கொழுக்கட்டை போல மடித்து ஆவியில் வேக வைத்தாள். ஒரு தட்டு நிறைய மாந்தி கொண்டுவந்து எர்மெக்கின் முன் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

"சாப்பிடு தம்பி. எளச்சுட்டே."

அவன் ஒன்றை எடுத்துக் கடித்தான்.

"ஒண்ணு கேக்கவா? நான் வண்டியில வரல. உனக்குத் தெரியும். நீ எல்லார் முன்னாலயும் சொல்லல. அத நான் மறக்க மாட்டேன்." தட்டின் விளிம்பை விரலால் துடைத்தாள். "அவ என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா? கடைசியா?"

"சொன்னா" என்றான் எர்மெக்.

"என்ன?"

"நல்லா பாத்துப்பீங்கன்னா."

சோனுன் தலைத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உள்ளே உசோன் அழுதான், உடனே அசன், பிறகு அய்பெரி. எர்மெக் எழுவதற்குள் மூன்று பேர் மூன்று பக்கமிருந்து ஓடினார்கள். அவன் மறுபடி உட்கார்ந்தான். இரண்டாவதை எடுத்தான், மென்றான், விழுங்கினான்.

அன்று அறுவை அறைக் கதவருகே பெகிமையின் தள்ளுகட்டிலை நிறுத்தியிருந்தார்கள். காகிதத் தொப்பி அவள் காதுவரை இறங்கியிருந்தது. முதல் நாள் ராத்திரியிலிருந்து எதையும் சாப்பிட விடவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தான்.

"பசி உயிர் போவுது. வெளிய வந்ததும் எனக்கு மாந்தி வேணும். உங்க அண்ணிகிட்ட மட்டும் செய்யச் சொல்லாத, அவங்க கையில உப்பே விழாது."