இரண்டாம் மாடித் திருப்பத்தின் டெரகோட்டா

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் படிக்கட்டுச் சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்று கொமிற்றி மூன்று கூட்டம் போட்டது. செயலாளராக இருந்த பாவத்துக்கு நானும் மூன்றிலும் உட்கார்ந்திருந்தேன்.

உண்மையில் சிக்கல் நிறமல்ல, வெற்றிலை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் தினமும் யாரோ துப்பிவிட்டுப் போகிறார்கள். அந்த யாரோ எங்கள் கொமிற்றித் தலைவர் மிஸ்டர் பற்றிக் என்பது கட்டடம் முழுவதற்கும் தெரியும். வங்கி மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு ஒளித்து வெற்றிலை போடுகிறவர், வீட்டுக் கதவைத் தட்டமுன் வாயைக் காலி செய்யத்தானே வேண்டும்? அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எங்களில் ஒருவருக்கும் முதுகெலும்பில்லை, எனக்கும்தான். துப்புகிறவரை மாற்ற முடியாததால் சுவரை மாற்றத் தீர்மானித்தோம்.

கொள்ளுப்பிட்டியில் அலுவலகம் வைத்திருக்கும் றொசானா என்ற டிசைனர் வந்தாள். இடுப்பளவுக்கு டெரகோட்டா, அதற்கு மேலே வெள்ளை என்றாள். சுட்ட மண்ணின் நிறம், களைத்து வருகிறவரை அணைத்துக்கொள்ளும் என்று அரை மணி நேரம் விளக்கினாள். பூச்சட்டி நிறம் என்று சொல்லியிருந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருப்போம். டெரகோட்டா என்றபடியால் ஏகமனதாக நிறைவேறியது. வெற்றிலையைப் பற்றி அவளிடம் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

பூசி முடிந்தது. துப்பல் கண்ணுக்குத் தெரியவில்லை. உடனே பற்றிக்குக்கு ஞானம் பிறந்தது. அழுக்கே தெரியாத சுவரைக் கழுவ ஆள் எதற்கு என்று கேட்டார். ஏழு வருடமாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து படி கழுவுகிற ஆறாயியை மாத முடிவோடு நிறுத்தச் சொன்னார். ஐம்பத்தெட்டு வயதில் வேறொரு கட்டடம் அவளை எடுக்காது என்பது அவருக்கும் தெரியும். கடிதத்தை அடித்தது நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாதம் பிறந்து நாலாம் நாள், ஸ்டோர் றூம் பூட்டின் திறப்பைத் திருப்பிக் கொடுக்க ஆறாயி வந்தாள். அன்றைக்குத்தான் றொசானாவும் ஏதோ போட்டிக்கு அனுப்பவென்று கமராக்காரரோடு வந்திருந்தாள். ஆறாயியைக் கண்டதும், மண் நிறத்தோடு ஒரு உழைப்பாளி முகம் நல்லாயிருக்கும் என்று சுவரோரம் நிற்கச் சொன்னாள். பிறகு நாலு நாளாகக் கழுவாத திருப்பத்து மூலையைக் கண்டு அப்படியே சொக்கிப்போனாள். இந்த ஆழமான சாயலை நான் பூசவில்லை, சுவரே உயிரோடு முதிர்கிறது என்று சொல்லி உள்ளங்கையால் தடவினாள். பக்கத்தில் பற்றிக் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“கைய எடுங்க மிஸ்,” என்றாள் ஆறாயி. “அது பெயின்ட் இல்ல. தலைவர் ஐயா துப்புனது. ஏழு வருசமா நான்தான் கழுவுனேன்.”

றொசானா கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அதை எங்கே துடைப்பதென்று தெரியவில்லை. கமராக்காரர் இருமினார். பற்றிக்கின் முகம் அந்த மூலையின் நிறத்துக்கு வந்துவிட்டது.

“ஆறாயி, கெதியா ஒரு வாளித் தண்ணி கொண்டு வா,” என்றார்.

“வாளி ஸ்டோர் றூமுலதான் இருக்குங்க ஐயா.” திறப்பை அவர் கையில் வைத்துவிட்டு அவள் படியிறங்கினாள்.

பற்றிக் திறப்பை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அது செயலாளரின் வேலையல்ல என்றேன்.