மாவுச் சத்தம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறதென்று என் புருஷன் மர்சூக் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். இருக்கட்டுமே. வேறெங்கே இருக்க வேண்டுமாம், முழங்காலிலா?

கொரோனா ஊரடங்கு வந்து மாத்தளையில் எங்கள் பேக்கரியை மூட வைத்ததும், வீட்டுக்குள் இருந்து இருந்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஊருக்கே அந்த நோய்தான். பக்கத்து வீட்டுக்காரர் யூடியூபைப் பார்த்துக் கித்தார் பழகுகிறேனென்று எங்கள் காதை அறுத்தார். எதிர்வீட்டில் பூச்சட்டிக்குப் பெயின்ட் அடித்தார்கள்; சட்டி முடிந்ததும் சுவருக்கு அடித்தார்கள். அப்போதுதான் கலேவெலயில் இருக்கும் என் சாச்சி மகள் ஷஸ்னா ஃபோன் எடுத்து, "ராத்தா, சும்மாதானே ஈக்கிறீங்க, ஸூம்ல எங்களுக்குப் பணிஸ் போடப் பழக்குங்களேன்" என்றாள். அவளும் அவளுடைய கூட்டாளிமாரும் சேர்ந்தார்கள். கூட்டாளியின் கூட்டாளியாக வந்தவள்தான் நாவுலயில் இருந்த நிரஞ்சலா.

ஃபோனில் மாவு பிசையப் பழக்குவது லேசான காரியமில்லை. மாவை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் நெட்வொர்க்கில் படம் அப்படியே உறைந்து போகும். ஷஸ்னாவின் மாவும் ஷஸ்னாவின் மூஞ்சியும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் நான் காதை நம்பினேன். "எல்லாரும் மைக்கத் தொறங்க. மாவத் தூக்கி மேசையில அடிங்க" என்பேன். ஒவ்வொருத்தியாக அடிப்பாள். தண்ணீர் கூடினால் சளக்கென்று கேட்கும். குறைந்தால் கல் விழுந்த மாதிரி. பதமென்றால் குழந்தையின் தொடையில் செல்லமாகத் தட்டின சத்தம் வரும். "காணுமா டீச்சர்?" என்று மூச்சிளைத்துக்கொண்டே கேட்பார்கள். அவ்வளவு சீக்கிரம் போதுமாம், சோம்பேறிகளுக்கு! "காணாது. இன்னொருக்கா அடிங்க. கைய ஓங்கி அடிங்க" என்று கத்துவேன். வகுப்பில் பாதி நேரம் இந்தக் கூத்துதான்.

நிரஞ்சலா மட்டும் மைக்கைத் திறக்கவே மாட்டாள். கமராவில் கைகள் மட்டும் தெரியும். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை நீண்ட கைச்சட்டை. ஆனால் கை என்றால் அப்படி ஒரு கை. மாவை உள்ளங்கையால் அமுக்கி, மடித்து, திருப்பி, மறுபடி அமுக்குகிற அழகைப் பார்த்து, "புள்ள, நீ மாத்தளையில பொறந்திருந்தா எங்கட பேக்கரிய எப்பவோ மூடியிருப்பேன்" என்றேன். சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை; கைகள் குலுங்கின. அடுத்த நிமிடம் கமரா அணைந்தது. மறுநாள் அவளுடைய சுண்டுவிரல் நீலமாக வீங்கியிருந்தது.

தனியாக மெசேஜ் போட்டுக் கேட்டேன். அலுமாரிக் கதவில் நசுங்கியதாம். "அந்த அலுமாரிட பேரைச் சொல்லு, நான் பேசிக்கிறேன்" என்று எழுதினேன்.  பிறகு பதில் வந்தது: "முந்தி அவர் வேலைக்குப் போவார் டீச்சர். இப்ப முழு நாளும் வீட்டிலதான். உங்க கிளாஸ் நேரம் மட்டுந்தான் என்னைச் சும்மா விடுறார். அம்மா வீடு வவுனியாவில, பஸ் இல்ல. ஊரடங்கு முடியும்வரைக்கும் நான் உயிரோட இருப்பேனா தெரியல." 

'அவர்' என்பது நிமலன். அரசாங்க உத்தியோகத்தர். கடைகளில் ஈஸ்ட் கிடைக்காத நாட்களில், தம்புள்ளைக்கு லொறி ஓட்டும் மர்சூக்கிடம் பொட்டலம் கட்டிக் கொடுத்து, போகிற வழியில் நிரஞ்சலா வீட்டிலும் கொடுக்கச் சொல்வேன். போய்விட்டு வந்த மனுஷன், "தங்கமான ஆளு அபீபா. கேட் வரைக்கும் வந்து, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னாரு" என்று நற்சான்றிதழ் கொடுத்தார். தேத்தண்ணி தருகிறவனெல்லாம் தங்கமென்றால் மாத்தளையில் நகைக்கடையே தேவையில்லை.

அன்று காலை கிம்புலா பணிஸ் பாடம். முதலை மாதிரி நீளமாக உருட்டி, மேலே சீனி தூவுகிற பன். வழமைபோல எல்லாரையும் மைக்கைத் திறக்கச் சொன்னேன். அன்றைக்கு நிரஞ்சலாவும் திறந்தாள். எனக்கென்றால் வாயெல்லாம் பல்.

"நிரஞ்சலா, அடி புள்ள, பாப்பம்."

மாவு விழுந்தது. இன்னும் கொஞ்சம் பிசைந்தால் பதம் வரும் போலிருந்தது.

"காணாது. இன்னொருக்கா அடி. கைய ஓங்கி அடி."

அப்போது ஓர் ஆணின் குரல் பக்கத்தில் கேட்டது, சிரிப்போடு. "கேட்டியா? ஒன்னோட டீச்சரே சொல்றா."

பட்டென்று விழுந்தது ஒரு சத்தம். மாவுச் சத்தம் எனக்குத் தெரியும். அது மாவு இல்லை. திரையிலிருந்து கைகள் காணாமல் போயின. மேசையோடு சேர்ந்து ஃபோன் ஆடியது. மறுபடி ஒரு அறை. மறுபடி ஒன்று. பிறகு அவன் ஃபோனருகே குனிந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டான்: "காணுமா டீச்சர்?"

படம் அணைந்தது.

ஷஸ்னா ஓவென்று அழத் தொடங்கினாள். மற்றவர்கள் மாவுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நிரஞ்சலாவின் நம்பருக்கு எடுத்தேன், வேலை செய்யவில்லை. போலீசுக்கு எடுத்தால் லைன் பிஸி. வெளியே லொறியை ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது. மாவு உருட்டும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மர்சூக் கதையைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "புருஷன் பொஞ்சாதி விஷயம் அபீபா. நாங்க போய்…"

"நீங்க ஏத்திட்டுப் போறீங்களா, இல்லாட்டி இந்தக் கட்டையால மொதல்ல கண்ணாடிய உடைக்கட்டா?"

ஏற்றிக்கொண்டார். ஊரடங்குப் பாஸில் சாரதிக்கும் ஓர் உதவியாளுக்கும் அனுமதி இருந்தது. அன்றைக்கு உதவியாள் நான்தான். சோதனைச் சாவடியில் சிப்பாய் என் ஹபாயாவையும் மாஸ்க்கையும் பார்த்து, நீயா மூட்டை தூக்கப் போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். கோதுமை மா மூட்டை தூக்கின தோள்தான், வேண்டுமென்றால் உன்னையும் தூக்கிக் காட்டுகிறேன் என்றேன் நானும் சிங்களத்தில். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் அந்தச் சத்தம்தான் காதில் விழுந்துகொண்டிருந்தது.

நாவுலயில் அந்த வீட்டுக் கேட் பூட்டியிருந்தது. மர்சூக் ஹோர்ன் அடித்துப் பார்த்தார், யாரும் வரவில்லை. இரண்டு பேரும் மதிலேறிக் குதித்தோம். அவர் முன்கதவைத் தட்டப் போனார். நான் குசினிப் பக்கம் போனேன். குசினிக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே இருந்து அதே சத்தம். முதலில் மாவு. பிறகு கன்னம். பிறகு மாவு. பிறகு கன்னம்.

தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நிரஞ்சலா மேசையருகே நின்றாள். ஒரு கண் முழுதாக மூடிவிட்டது. உதட்டிலிருந்து ஒழுகிய இரத்தம் மாவிலே கலந்து மாவே சிவந்திருந்தது. அவள் மாவைத் தூக்கி அடிக்க, அவன் அவளை அடித்துக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரமும் அந்த நாய் வகுப்பு நடத்தியிருக்கிறான்! அயர்ன் பண்ணின ஷேர்ட், மடிப்புக் கலையவில்லை. என்னைக் கண்டதும் புன்னகைத்தான்.

"ஆ, டீச்சரா? வாங்க, வாங்க. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

கட்டையால் அவன் காதோடு சேர்த்துப் போட்டேன். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கும்போது கட்டையைப் பிடித்துப் பறித்து என் வாயில் குத்தினான். பல்லொன்று நாக்கின் மேல் விழுந்தது. என் ஸ்காஃபின் இரண்டு முனையையும் கழுத்தில் முறுக்கி என்னைச் சுவரோடு நெரித்தான். மர்சூக் முன்கதவை உடைக்கிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. யா அல்லாஹ், இவ்வளவுதானா என்று நினைத்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

டணாரென்றது. பணிஸ் அடுக்குகிற இரும்புத் தட்டின் விளிம்பு அவன் பிடரியில் இறங்கியிருந்தது. கை தளர்ந்து மல்லாக்க விழுந்தான். எழும்ப முன்னம் நிரஞ்சலா அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றினாள். மேசையிலிருந்த மாவு முழுவதையும் இரண்டு கையாலும் அள்ளி அவன் முகத்தில் போட்டாள்.

பிறகு பிசைந்தாள். உள்ளங்கையால் அமுக்கினாள், மடித்தாள், திருப்பினாள், மறுபடி அமுக்கினாள். எல்லாம் நான் பழக்கியபடி. அவன் கைகள் அவள் முதுகைப் பிறாண்டின, தலைமயிரைப் பிடித்து இழுத்தன. அவள் அசையவில்லை. மூக்கு இருக்குமிடம், வாய் இருக்குமிடம் எல்லாம் மாவு போய் அடைத்தது. அவன் குதிகால்கள் தரையில் அடித்தன. அடி மெல்ல மெல்லக் குறைந்தது.

அவள் அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"காணுமா டீச்சர்?"

அவளுடைய குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். சின்னப் பிள்ளையின் குரல். உண்மையாகவே கேட்டாள். நான் சொல்கிறபடி செய்யத்தான் கேட்டாள்.

காணாது என்று சொல்லத்தான் என் வாய் துடித்தது. இரத்தமும் உடைந்த பல்லும் கிடந்த வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. அல்லாஹ்வுக்குத் தெரியும், எனக்கு அவன் சாக வேண்டும். அவன் குதிகால் இன்னொரு தரம் தரையில் தட்டியது, இல்லை, தடவியது. நான் அவள் கைகளைப் பார்த்தேன். அந்தக் கைகளில் விலங்கு மாட்டுவார்கள். இவன் செத்தும் அவளை விடமாட்டான்.

"காணும் புள்ள" என்றேன். "காணும், எடு."

அவள் இன்னொருக்கா அமுக்கினாள்.  பிறகு எடுத்தாள். மாவில் அவன் மூஞ்சி அப்படியே பள்ளமாகப் பதிந்திருந்தது. அதை அவன் வயிற்றில் தொப்பென்று போட்டுவிட்டு எழும்பினாள். அவன் கரகரவென்று மூச்சை இழுத்து, ஒருக்களித்துப் படுத்து, வெள்ளை வெள்ளையாக வாந்தி எடுத்தான்.

கதவை உடைத்துக்கொண்டு வந்த மர்சூக் எங்கள் மூன்று பேரையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"ஒங்கட தங்கம் அங்க கெடக்குது" என்றேன், பல் போன வாயால். "தேத்தண்ணி வேணுமெண்டா கேளுங்க."

 மனுஷன் தன் சாரத்து முனையைக் கிழித்து நிரஞ்சலாவின் உதட்டுக்குக் கொடுத்தார். அவள் அடையாள அட்டையை எடுத்தாள், அம்மாவின் படத்தை எடுத்தாள், செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு வந்து லொறியில் ஏறினாள். விரலிடுக்கில் மாவு காயத் தொடங்கியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

லொறி கிளம்பியதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே வந்தேன், அவன் எழும்பிக் கேட்டுக்கு வருகிறானா என்று. வரவில்லை. வந்து இன்னொரு தரம் அவள்மேல் கை வைத்திருந்தால், அவளும் திரும்ப என்னைக் கேட்டிருந்தால், நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.