ஒன்றரையிலிருந்து மூன்று வரை

இணையம் அறுந்தால் அந்த வீட்டில் டிரைவரும் இருக்கமாட்டார். மோடத்தின் விளக்கு பச்சையாக நிலைத்து எரியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் நாற்காலி காலியாகிவிடும். மூன்று நிமிடத்தில் இணைப்பு திரும்பினால் அவரும் திரும்புவார், விட்ட வாக்கியத்தின் அடுத்த சொல்லோடு. கடைத்தெருவில் நின்றாலும் இதே கதைதான். கையில் இருந்த பை மட்டும் தரையில் கிடக்கும், அக்கம்பக்கத்தில் யாராவது எடுத்து வைப்பார்கள். முடிதிருத்துபவர் கத்தரிக்கோலைப் பிடித்தபடி காலி நாற்காலிக்குப் பின்னால் நின்று காத்திருப்பார், அடுத்த ஆளைக் கூப்பிடமாட்டார். முப்பது வருஷம் அந்த ஊரின் பாதிப் பேரைப் பேருந்தில் ஏற்றி இறக்கியவர் என்பதால் அவருக்காக மூன்று நிமிடம் நிற்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற ஆண்டின் மழைக்காலத்தில் இது தொடங்கியது. வாசலில் இருந்த தொலைபேசிக் கம்பத்தில் இடி விழுந்த நேரத்தில் அவர் ஒரு கையில் புது மோடத்தையும் மறுகையில் ஒயரையும் வைத்துக்கொண்டு, இது எதில் போகும் என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். காயம் இல்லை, ஒரு முடிகூடக் கருகவில்லை. மறுநாள் இணைப்பு அறுந்தபோது அவரும் போனார். மருத்துவர் ரத்த அழுத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, இது தன் துறை இல்லை, டெலிபோன் ஆபீசில் கேளுங்கள் என்றார். டெலிபோன் ஆபீசில் இருந்த பெண் பொறுமையாக முழுவதையும் கேட்டுக்கொண்டு, மோடத்தை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கள் என்றாள். பார்த்தார்கள். போனார், வந்தார். புகார் தீர்ந்ததாகக் குறித்துக்கொண்டார்கள்.

அவர் மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடைகள் தைப்பவர். தெருவில் எல்லோருக்கும் டெய்லரம்மா. முதல் மாதங்களில் அவர் அந்த மோடத்தைக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார். அது படுக்கையறை அலமாரியில் இருந்தது. நாளுக்கு இருமுறை துடைப்பார், பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு வைக்க விடமாட்டார். இடி இடித்தால் மட்டும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்று டெலிபோன் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒருநாள் மதியம் ஒன்றரை மணிக்கு வானம் உறுமியது. கணவரிடம் சொல்லிவிட்டே பிடுங்கினார். மழை மூன்று மணிக்கு விட்டது.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் வினையாகப் போயிற்று. டிரைவர் நல்ல மனிதர், மனைவியைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ஓய்வுபெற்ற நாளிலிருந்து வீட்டையே பேருந்தாக நினைத்துவிட்டார். யார் எங்கே போகிறார்கள், எப்போது வருவார்கள், கதவு சாத்தியாயிற்றா, அந்தச் சன்னலில் யார் கையை நீட்டுவது என்று எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். டெய்லரம்மா ஊசியில் நூல் கோர்த்தால் கோர்த்தாயிற்றா என்று கேட்பார். அடுப்பில் எதை வைத்தாலும் மூடியைத் திறந்து பார்ப்பார். அன்று மழை பெய்த ஒன்றரை மணி நேரமும் டெய்லரம்மா முன்னறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் துணி இல்லை, கையில் ஊசி இல்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியாக எப்போது இப்படி உட்கார்ந்தோம் என்று யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஒன்றரை மணிக்கு அவர் கணவரிடம், மோடம் ரொம்பச் சூடாகிறது, கொஞ்ச நேரம் ஆறவிடணும் என்றார். ஆறட்டும் என்றார் டிரைவர். அதன்பிறகு நாலு வருஷம், விடுமுறை நாள்கூட விடாமல், மோடம் ஒன்றரை மணிக்கு ஆறப்போயிற்று, மூன்று மணிக்கு வந்தது. அன்பு குறைந்துபோய் அந்த அம்மாள் இதைச் செய்யவில்லை. மூன்று மணிக்குச் சுவிட்சைப் போடும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். காத்திருந்து வரவேற்கிற முகம். அதைத் தெரிந்துகொள்ளாமல் வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் பேசட்டும்.

முதல் வருஷம் டிரைவர் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் சற்று நின்றார். இரண்டாம் வருஷம் அவர் கையில் வாங்கிய தேநீர் உதட்டுக்குப் போவதற்குள் ஆறியது. மூன்றாம் வருஷம் காலையில் “இன்னைக்கு” என்று ஆரம்பித்தால் “என்ன கிழமை” என்பது சாப்பாட்டுக்குப் பிறகு வந்து சேரும். டெய்லரம்மா இடையில் அரை டஜன் சட்டைக்குக் காலர் வைத்துவிடுவார். தையல் மெஷின் மோட்டார் ஓடும்போது அந்த மீதிச் சொல்லும் கரகரவென்று வந்தது. நாலாம் வருஷம் அவர் மூடியின் மேல் கைவைத்தால் திறந்து பார்க்க அரைநாள் ஆயிற்று. மருத்துவர் வயசாகிறது என்றார். டெய்லரம்மாவும் அப்படித்தான் நினைத்தார், நினைக்க விரும்பினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் சுவிட்சைப் போட்டார். விளக்கு சிமிட்டியது, சிமிட்டிக்கொண்டே இருந்தது. மூன்றரை ஆயிற்று, நாலரை ஆயிற்று. டெய்லரம்மா மோடத்தின் முன்னால் மண்டியிட்டு, வாங்க, வாங்க என்று அதனிடமே சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவரை ஒரு சுவிட்சால் தொலைத்துவிட்டோம் என்றே நினைத்தார். ஐந்தே முக்காலுக்கு விளக்கு பச்சையாக நிலைத்தது. டிரைவர் நாற்காலியில் இருந்தார், பாதி மூடிய கண்ணோடு. அந்தக் கண் முழுதாகத் திறக்க மறுநாள் காலை ஆயிற்று. அதற்குள் டெய்லரம்மா டெலிபோன் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார், இந்தமுறை ஆளைக் கூட்டிக்கொள்ளாமல் திரும்பமாட்டேன் என்று.

வந்தவரை எல்லோரும் ஏணி என்றே கூப்பிடுவார்கள். தோளில் ஏணி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, உயரமும் அப்படி. கம்பத்தில் ஏறிப் பார்த்தார், கம்பியில் குறையில்லை. வீட்டுக்குள் வந்து தலையில் அடித்துக்கொண்டார். லைன் வீட்டுக்குள் நுழையும் இடம் முன்னறை. அங்கிருந்து பதினாலு மீட்டர் ஒயர் தையல் மெஷினின் மோட்டாருக்கு அடியில் புகுந்து, பீரோவைச் சுற்றிப் படுக்கையறைக்குப் போயிருந்தது. அந்த ஒயரைச் சுருட்டி எறிந்தார். மோடத்தை முன்னறையில் முதல் சாக்கெட்டிலேயே சொருகினார். தொலைபேசிக்கு இரைச்சலை வடிகட்டும் ஒரு பில்டர் மாட்டினார், தையல் மெஷினை எதிர்ச் சுவரோரம் தள்ளவைத்தார். டிரைவரின் குரலில் கரகரப்பு நின்றது, வேகம் மட்டும் வரவில்லை.

அதன்பிறகு மடிக்கணினியில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, டெய்லரம்மாவுக்கு ஓர் எண்ணைக் காட்டினார். கம்பியில் எப்போதும் இரைச்சல் இருக்கும், அந்த இரைச்சலுக்கு எவ்வளவு இடம் விட்டு ஓட்டுவது என்பதுதான் இந்த எண் என்றார். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் விடுகிற இடைவெளி மாதிரி. குறைத்தால் வேகம், ஆனால் சின்ன இரைச்சலுக்கும் அறுந்துபோகும். கூட்டினால் அறாது, ஊர்ந்து போகும். டெலிபோன் எக்சேஞ்சில் இருந்த மெஷின் அதைப் பதினைந்தில் கொண்டுபோய் வைத்திருந்தது. ஏணி மூன்றாகக் குறைத்தார்.

டிரைவர் துள்ளி எழுந்தார். நாலு வருஷப் பேச்சும் ஒரேயடியாக வந்தது. அடுத்த தெருவில் யார் வீடு கட்டுகிறார்கள், காலர் ஏன் கோணலாக இருக்கிறது, ஏணிக்குக் கல்யாணம் ஆயிற்றா, அந்தச் சன்னலை யார் திறந்தது என்று அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். இருபது நிமிடத்தில் பதினோரு தடவை காணாமல் போனார். டெய்லரம்மா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அவர் கையிலிருந்து விழுந்த தம்ளரைப் பதினோரு தடவை எடுத்துவைத்தார். கடைசித் தடவை போவதற்குமுன் அவர் மனைவியின் பக்கம் திரும்பி, “அந்த மத்தியான நேரத்தைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு” என்றார். அதோடு விளக்கு சிமிட்டியது. இது ஆகாது என்று ஏணி எண்ணை ஒன்பதில் வைத்தார். டிரைவர் திரும்பி வந்து நாற்காலியில் நிலைத்தார், ஆனால் பழையபடி மெதுவாக. சொல்ல வந்த மீதி எங்கே போயிற்றோ, அன்று வரவில்லை.

ஏணி மோடத்தின் பழைய பதிவுகளைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். 

“அக்கா, தினமும் ஒன்றரைக்கு யாரோ சுவிட்ச ஆஃப் பண்றாங்க. எக்சேஞ்சுல இருக்கிற மெஷினுக்கு அது தெரியாது. லைன் தாங்கலன்னு நினைச்சு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் குறைச்சுட்டே வந்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா லைன் பிடிச்சே இருக்காது.”

“மோடம் சூடாகுதுன்னு” என்றார் டெய்லரம்மா.

ஏணி மோடத்தின்மேல் கையை வைத்துப் பார்த்தார்.  பத்து நாளைக்கு யாரும் சுவிட்சில் கைவைக்கக்கூடாது, லைன் நிலையாக இருக்கிறதென்று எக்சேஞ்ச் நம்ப வேண்டும், நம்பினால் தானாகவே வேகத்தைக் கொடுக்கும் என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். டிரைவர் எல்லாவற்றையும் கேட்டபடிதான் உட்கார்ந்திருந்தார். அது அவருக்குள் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று டெய்லரம்மா மனதுக்குள் கணக்குப் போட்டார்.

அந்தப் பத்து நாளும் ஒன்றரை மணி வந்தது, மோடம் எரிந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் டிரைவர் தேநீரைச் சூடாகக் குடித்தார். ஐந்தாம் நாள் கதவு சாத்தியாயிற்றா என்று ஒரே மூச்சில் கேட்டார். ஏழாம் நாள் அடுப்பங்கரைக்குள் வந்து மூடியைத் திறந்தார். டெய்லரம்மா அவருக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார். அவர் தேறத் தேற இவருக்குச் சந்தோஷமும் மூச்சுமுட்டலும் சேர்ந்தே வந்தன. இப்படி நினைக்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பும் வந்தது. ஒன்பதாம் நாள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் அதற்குமேல் தாங்காமல், துணியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்.

“ஏங்க, மோடம் சூடாகவே இல்ல. எனக்குக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்னு இருந்துச்சு. அதுக்கு உங்களைத் தினமும் நிறுத்தி வச்சேன். நீங்க இப்படி ஆவீங்கன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேனான்னு கேட்டீங்கன்னா, அதுவும் எனக்குத் தெரியல.”

டிரைவர் உடனே பதில் சொல்லவில்லை. இந்தமுறை லைன் காரணமில்லை, எக்சேஞ்ச் அவருக்கு எட்டு எம்பி வேகம் கொடுத்திருந்தது.

“நான் எங்க போறேன்னு நீ ஒருநாளும் கேக்கலயே” என்றார்.

“பயமா இருந்துச்சு.”

“அங்க ஒரு ரோடு இருக்கு. ஒரு பஸ் நிக்கும், சாவி அதுலயே இருக்கும். ஏறி ஓட்டுவேன். ஒரு ஆள் கிடையாது. நிறுத்துன்னு சொல்றவன் இல்ல, சில்லறை கேக்கிறவன் இல்ல. முப்பது வருஷத்துல நான் காலி வண்டி ஓட்டினதே இல்ல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “ஒன்றரை ஆச்சுன்னா, இன்னைக்கு இவ மறந்துடப்போறாளேன்னு எனக்கு அடிச்சுக்கும். மறந்துடப்போறியேன்னுதான் அடுப்பங்கரையையே சுத்தி வந்தேன்.”

டெய்லரம்மா பொத்தானை அப்படியே விட்டுவிட்டார்.  நாலு வருஷமாக அவர் தன் மகிழ்ச்சியைக் கணவரிடம் மறைத்தார், கணவர் தன் மகிழ்ச்சியை அவரிடம் மறைத்தார். ஒருவரை விட்டு ஒருவர் விலகியிருந்த நேரம்தான் இருவருக்கும் பிடித்திருந்தது என்பது கேட்க நன்றாக இருக்கும் செய்தியல்ல. ஆனாலும் டெய்லரம்மாவுக்கு அழுகை வந்து, அது வலியில்லாத அழுகையாக இருந்தது.

பதினோராம் நாள் ஏணியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவர் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். சுவிட்சைப் பட்டென்று நிறுத்தினால் எக்சேஞ்ச் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளும். மோடத்தின் பக்கத்தைத் திறந்து, இணைப்பைத் துண்டி என்பதை அழுத்தினால் சொல்லிக்கொண்டு போன மாதிரி, கோளாறாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் அதுவும் தினமும் என்றால் மெஷினுக்கு முழு நம்பிக்கை வராது. வேகம் எட்டில் நிற்காது, நாலில் வந்து நிற்கும். நாலுக்குக் கீழே மட்டும் போகாது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அண்ணன் கொஞ்சம் நிற்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான். டெய்லரம்மா எட்டே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தார். டிரைவர் முந்திக்கொண்டார்.

“நாலு போதும். நான் என்னைக்கு விரட்டி ஓட்டியிருக்கேன்?”

அன்று ஒன்றரை மணிக்கு அவர் சட்டையை மாற்றி, தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். போய்ட்டு வரேன் என்றார். டெய்லரம்மா இணைப்பைத் துண்டி என்பதை அழுத்தினார். மூன்று மணிக்கு அவர் முழங்கையில் வெயில் பட்ட சிவப்போடு வந்து, இன்றைக்கு ஒரு மலையடிவாரம் வரை போனதாகச் சொன்னார். டெய்லரம்மா எதுவும் செய்யவில்லை என்று சொன்னார். இருவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் கவனமாகக் கேட்டார்கள்.

இது நடந்து பதினேழு வருஷம் ஆகிறது. மோடம் மூன்றுமுறை மாறியது. ஏணி ஓய்வுபெற்றார். அவருக்குப்பின் வந்தவருக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே கம்பங்களின் எண்களோடு இதையும் சொல்லிக்கொடுத்தார்கள். மதிய நேரத்தில் அந்த லைன் அறுந்ததாகத் திரையில் தெரிந்தால் யாரும் ஏணியைத் தூக்குவதில்லை. எக்சேஞ்சின் பழுதுப் பதிவேட்டில் அந்த வீட்டு எண்ணுக்கு நேராக நிரந்தரமாக எழுதியிருக்கிறது: பழுது இல்லை, வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார், மூன்று மணிக்கு வந்துவிடுவார்.