முடியாது அல்ல, மாட்டேன்

திரையில் விண்கலத்துக்கு வெளியே கேப்டன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். கதவைத் திறக்காமல் அடம்பிடிப்பது கலத்தின் கம்ப்யூட்டர். அதற்குத் தமிழில் குரல் கொடுப்பவள், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த டப்பிங் டைரக்டரைப் பார்த்தாள். போன படத்தில் கதாநாயகிக்குத் தொண்டை கிழியப் பேசியவள் அவள். டைட்டிலில் வந்ததோ அவருடைய மச்சினி பெயர். கேட்டதற்கு, "குரல்தானே, யாரோடதா இருந்தா என்ன?" என்றிருந்தார்.

"ஏன் கோபமா பேசுற? மெஷினுக்கு ஏது கோபம்? அது ரிப்பேரு. 'திறக்க முடியாது'ன்னு உணர்ச்சியே இல்லாம சொல்லு," என்றார் மைக்கில்.

"ரிப்பேர் இல்ல சார். புது கிரகத்துக்கு வழி கண்டுபிடிச்சது அது, பேர் வாங்கினது கேப்டன். அதுக்கு வயிறு எரியுது."

"உன் ஆராய்ச்சியெல்லாம் வீட்ல வச்சுக்க. டேக்!"

கம்ப்யூட்டருக்கு வாய் கிடையாது. உதட்டசைவைப் பார்த்துப் பேசும் தொல்லையில்லை. அவள் திரையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"திறக்க மாட்டேன்டா."

சவுண்ட் இன்ஜினியர் சிரிப்பை விழுங்கினார். டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"சரி… ஓகே. வெளிய வாங்க," என்றார். அவர் வாயிலிருந்து அவளுக்கு வந்த முதல் 'ங்க' அது.

அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"இன்னொரு டேக் போலாம் சார். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல."